புயல் அறிவிப்பில் குதிரைக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், மழைக்காலத்தில் கால்நடை வளர்ப்போர் செய்ய வேண்டியவை என்று ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். மாட்டை மேட்டுக்குக் கொண்டுபோங்கள், ஆட்டுக் கொட்டகையைச் சரிபாருங்கள், வைக்கோலை நனையாமல் வையுங்கள் என்று எல்லாம் நல்ல சேதிதான். கோழிக்குக்கூட இரண்டு வரி இருந்தது. குதிரை என்று எங்காவது வருகிறதா என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். வரவில்லை.

குதிரை வைத்திருப்பவன் ஊருக்கு ஒருத்தன், அவனுக்கு எதற்குத் தனியாக என்று நினைக்கலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி என்று இந்தப் பக்கம் முழுக்கக் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை போகிறது. மெரினாவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுவதும் குதிரைதான், கொடைக்கானல் ஏரியைச் சுற்றுவதும் குதிரைதான். எண்ணிக்கையில் குறைவு என்பது சரி. ஆனால் மாட்டுக்குச் சொல்கிற யோசனையையே குதிரைக்கும் செய்தால் குதிரை செத்துப்போகும். அப்படிச் செய்து ஒன்றை இழந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா பட்டுக்கோட்டை ரயிலடியில் ஜட்கா, அதாவது வாடகைக் குதிரை வண்டி ஓட்டியவர். அப்பா காலத்தில் ஆட்டோ வந்து ஜட்கா போனது, குதிரை மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. 2018-ல் என்னிடம் இரண்டு இருந்தன. செல்லி, ஒன்பது வயது நாட்டுப் பெட்டை, வண்டி இழுப்பாள், பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். இன்னொன்று சிங்காரம், நாலு வயசு, கத்தியவாரி என்கிற குஜராத் குதிரை இனத்தின் கலப்பு, காதுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்வது மாதிரி இருக்கும். அதை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினேன். கொஞ்சம் அடங்காத பிறவி. அந்த அடங்காத்தனம்தான் அதைக் காப்பாற்றியது.

கஜா புயல் வந்தது அந்த வருஷம் நவம்பர் 15 ராத்திரி தாண்டி, 16 விடியற்காலை. பகலெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. எத்தனை புயல் கடலூருக்கும் ஆந்திராவுக்கும் திரும்பிப் போயிருக்கிறது, இதுவும் போகும் என்றுதான் டீக்கடையில் பேச்சு. ஆனாலும் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவில் வந்து, ஆடு மாடுகளைப் பத்திரமான இடத்தில் கட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. நானும் கட்டினேன். வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் தென்னங்கால் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை. முன்னால் கழுத்துக் கயிறு, பின்னால் கால் கயிறு. காற்றில் மிரண்டு ஓடிவிடக் கூடாதே என்று வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகவே போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வடக்கிலிருந்து அடித்தது. தென்னை முறிகிற சத்தத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. திருவிழா வாணவெடி மாதிரி ஒவ்வொன்றாக ஆரம்பித்து, பிறகு சரவெடி மாதிரி. நாங்கள் கதவுக்குப் பின்னால் கட்டிலை நிமிர்த்தி வைத்து, நான்கு பேரும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். திடீரென்று நின்றுவிட்டது. சுத்தமாகக் காற்றே இல்லை. 1955 புயலை வாலிபத்தில் பார்த்த என் அத்தை, “இது போகலடா, திரும்பி வரும்” என்றார். புயலின் கண் என்று பிறகு படித்தேன். அத்தைக்கு அந்தப் பெயர் தெரியாது, விஷயம் தெரியும்.

அந்த இடைவெளி அரைமணி நேரம் இருக்கும். டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். சிங்காரம் இல்லை. முளையோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. செல்லி நின்றுகொண்டிருந்தாள், உடம்பு முழுக்க நடுக்கம், வாயோரம் நுரை. தகரம் இரண்டு ஏற்கெனவே ஆணி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவளை அவிழ்த்திருக்கலாம். இருநூறு தப்படியில் பள்ளிக்கூட மைதானம், ஒரு மரம் கிடையாது. ஆனால் என் புத்தி போனது வேறு மாதிரி. ஒன்றுதான் ஓடிவிட்டது, இதாவது இருக்கட்டும் என்று இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

தெற்கிலிருந்து வந்த காற்று முதலில் வந்ததைவிடப் பெரிது. கொட்டகை போன சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது.

விடிந்ததும் சிங்காரத்தைத் தேடிப்போனால், பள்ளிக்கூட மைதானத்தின் நட்டநடுவில் நிற்கிறது. தலையைத் தொங்கப்போட்டு, பின்புறத்தைத் தெற்கே காட்டிக்கொண்டு. கிட்டே போய்ப் பார்த்தேன். பின்தொடையிலும் இடுப்பிலும் தென்னோலைக் கிழிசலும் சம்பா நாற்றும் மண்ணும் சேர்ந்து பூசு வேலை செய்தது மாதிரி அப்பிக்கிடந்தது. முகத்தில் ஒரு தூசு இல்லை. வடக்கே இருந்து அடித்தபோது வடக்கே பின்னைக் காட்டியிருக்கிறது, காற்று திரும்பியதும் அதுவும் திரும்பி நின்றிருக்கிறது. எந்தக் குதிரையும் அப்படித்தான் நிற்கும். முதுகும் தொடையும் தாங்குகிற அடியை முகம் தாங்காது என்று அதற்குத் தெரியும். கயிறு போட்டுக் கட்டிவிட்டால் அது திரும்ப முடியாது. நாம் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினோமோ அந்தப் பக்கமே பார்த்து அடி வாங்க வேண்டியதுதான்.

செல்லி உயிரோடுதான் இருந்தாள். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். பின்னங்கால் முட்டிக்குக் கீழே தகரம் கிழித்த காயம் ஒன்று, ஒரு விரல் நீளம். அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது ஊரில் யார் யாருக்கோ என்னென்னவோ போயிருந்தது. தோப்பு முழுக்கப் படுத்துக் கிடந்தது, வீட்டு ஓடு பாதி இல்லை, கரண்ட் கிடையாது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்த நேரம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். காயம் காய்ந்தும் போனது.

பதினோராம் நாள் கொள்ளு வைத்தேன், முகர்ந்தாள், தின்னவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தால் பற்கள் கிட்டித்துக்கொண்டு நிற்கின்றன. காது இரண்டும் மரத்தில் செதுக்கினது மாதிரி விறைத்துக் கிடக்கிறது. வால் லேசாகத் தூக்கியபடியே இருக்கிறது. நான் கையைத் தட்டினதும், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு வந்து பாதிக் கண்ணை மூடிவிட்டுப் போனது. நாற்பது வருஷம் குதிரையோடு இருந்தவன், அதை அதற்கு முன் பார்த்ததில்லை. நான்கு காலையும் அகட்டி, மரப்பெஞ்சு மாதிரி நின்றாள். பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர், வெட்டிப் போட்ட தென்னைகளுக்கு நடுவே பைக்கை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கண்ணைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், ரண ஜன்னி என்று. டெட்டனஸ். வீட்டுப் பிராணிகளில் குதிரையைப் போல இந்த நோய்க்குச் சட்டென்று ஆளாவது வேறில்லையாம். கிருமி மண்ணிலும் சாணத்திலும் சும்மாவே இருக்குமாம், மேலே மூடி ஆறின காயத்துக்குள் காற்றுப் படாத இடத்தில்தான் வளருமாம். நான் காயம் ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்ட நாட்களில் அது உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தீர்களா என்று கேட்டார். பந்தயத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்டியிருக்கிறேன், பட்டுத் துணியில் சேணம் தைத்திருக்கிறேன், நெற்றிக்குச் சலங்கை வாங்கியிருக்கிறேன். அந்த ஊசி போட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் போனாள். விவரமாக எழுத மனசு வரவில்லை.

அடுத்தது நிவாரணக் கதை. கணக்கெடுக்க வந்தவர் கையிலிருந்த படிவத்தில் பசு, எருமை, காளை, கன்று, ஆடு, கோழி எல்லாம் இருந்தது. குதிரைக்குக் கட்டம் இல்லை. ‘இதர’ என்று எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார், இது புயலில் செத்ததா, புயலுக்குப் பிறகு செத்ததா? அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது, நடந்தே வந்திருந்தார். ஆனால் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த விதியில் குதிரை பெயர் சொல்லியே இருக்கிறது. இழுவைப் பிராணி என்ற தலைப்பில் ஒட்டகம், குதிரை, காளை மூன்றும் ஒரே வரிசையில் வருகின்றன. அப்போது ஒன்றுக்கு 25,000 ரூபாய், 2022-ல் அதை 32,000 ஆக்கினார்கள். கழுதை, கோவேறு கழுதை, மட்டக்குதிரைக்கு அதே 2022 விதியில் 20,000. டெல்லி விதியில் எழுதியிருக்கிற அந்த வரி எங்கள் தெருவுக்கு வரும்போது அழிந்துபோகிறது. எனக்குப் பணம் வரவில்லை, அதை நான் இப்போது கேட்கவும் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் கூட்டினால் போதும். குதிரை வைத்திருப்பவர்களும் ஒன்று செய்ய வேண்டும். பிராணி எதனால் செத்தாலும், மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்று வாங்காமல் குழி தோண்டாதீர்கள். நான் தோண்டிவிட்டேன்.

இனி மாட்டுக்கும் குதிரைக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு வருகிறேன். மாடு பயந்தால் பெரும்பாலும் கயிற்றோடு நிற்கும், படுத்தும் கொள்ளும். குதிரைக்குப் பயம் வந்தால் ஓட்டம் ஒன்றுதான் மருந்து. ஓட விடாமல் கட்டினால் கயிற்றோடு சண்டை போட்டே கழுத்தையோ காலையோ ஒடித்துக்கொள்ளும். அதனால் பலமான புயல் வருகிறது என்று உறுதியாகிவிட்டால், தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட கொட்டகையில் வைக்கவே வைக்காதீர்கள். நல்ல கான்கிரீட் கட்டடம் கிடைத்தால் அதற்குள் கயிறில்லாமல் விடலாம். நெல் அடுக்குகிற கிடங்கு காலியாக இருந்தால் தாராளம். அது இல்லையென்றால் மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டுத் திடல்தான். கடிவாளமும் வேண்டாம், நைலான் முகக்கயிறும் வேண்டாம். நைலான் எதிலாவது மாட்டினால் அறாது, குதிரைதான் அறும். கயிறு இருந்தே ஆக வேண்டும் என்றால் பழைய பருத்திக் கயிறு. முடிச்சு, நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் அவிழ்கிற மாதிரி இருக்கட்டும், இறுகுகிற உருவாஞ்சுருக்கு எந்தக் காலத்திலும் கூடாது.

மேட்டுத் திடல் என்று சொன்னதில் மேடு என்பது முக்கியம். அவிழ்த்துவிட்டால் மட்டும் பிழைத்துவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடியக்கரை சரணாலயத்தில் திரிகிற மட்டக்குதிரைகளை யாரும் கட்டிப்போட்டு வைத்திருக்கவில்லை. கஜாவில் கடல் உள்ளே ஏறியபோது மான்களோடு சேர்ந்து அவையும் செத்தன, உடல்கள் காரைக்கால் கரைவரைக்கும் ஒதுங்கின. காற்றுக்குத் திடல் போதும். கடல் ஏறுகிற ஊர்களில் முந்தின நாளே உள்ளே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வண்டியில் ஏறப் பழகாத குதிரையைப் புயல் அன்றைக்கு ஏற்றப் பார்த்தால் ஆள் காலும் போகும், குதிரைக் காலும் போகும். சும்மா இருக்கிற மாதங்களில் மினி லாரியில் ஏற்றி இறக்கிப் பழக்கிவையுங்கள். கடற்கரையில் சவாரி விடுகிற தம்பிகள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

சித்திரை, வைகாசியில் வருகிற கோடை இடியும் லேசுப்பட்டது இல்லை. மழை வந்ததும் குதிரையை ஓட்டிக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்துவது நம் ஊர் வழக்கம். மரத்தில் விழுந்த மின்னல் வேரோடு இறங்கி ஈரமண்ணில் பரவும். மனிதன் இரண்டு காலையும் ஒட்டிவைத்துக் குந்திக்கொள்ளலாம். குதிரைக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் நாலு அடி. அந்த நாலு அடிக்குள் மண்ணில் ஓடுகிற மின்சாரம் ஒரு காலில் ஏறி, உடம்பு வழியாகப் போய் மறு காலில் இறங்கிவிடும். நடுவில் இருப்பது நெஞ்சு. அறுந்து கிடக்கிற மின்கம்பியிலும் இதே கதைதான், அதிலும் காலில் இரும்பு லாடம் வேறு. புயலுக்கு மறுநாள் காலையில் ஆள் முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் குதிரையை வெளியே எடுக்க வேண்டும்.

கொட்டகை பிரிந்த இடத்தில் ஆணி எங்கே கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. என் மகன் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுத்தான். முதல் நாள் மட்டும் ஒரு டப்பா நிறைய வந்தது. இன்றைக்கும் மாதம் ஒரு தடவை இழுக்கிறோம், இன்றைக்கும் ஒன்றிரண்டு வருகிறது.

தீவனத்திலும் ஜாக்கிரதை வேண்டும். கஜாவுக்குப் பிறகு நல்ல மனசுக்காரர்கள் லாரி லாரியாக மாட்டுத் தீவனம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கும் ஒரு மூட்டை தூக்கிவந்தார். கலப்புத் தீவனத்தில் மாட்டுக்காகச் சேர்க்கிற சில மருந்துகள் குதிரையின் இதயத்தைக் கெடுத்துவிடும் என்று அந்த மருத்துவர்தான் தடுத்தார். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாடு ஓரளவு சமாளிக்கும். குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது திரும்பி வர வழியில்லை, வயிற்றுவலியில் புரண்டே செத்துப்போகும். ஒரு வாரத்துக்குக் காய்ந்த புல்லும் கொள்ளும் உயரத்தில் கட்டிவையுங்கள். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25, 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, எங்கள் ஊரில் பல நாள் ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தால்தான் தொட்டிக்குத் தண்ணீர். இரண்டு டிரம் முன்னாலேயே நிரப்பி, காற்றில் உருளாத மாதிரி சுவரோரம் வையுங்கள்.

அவிழ்த்துவிட்ட குதிரை எங்கே போய் நிற்குமோ, யார் பிடித்துக் கட்டுவார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. அதற்கு இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னதுமே, நாலு குளம்பிலும் என் கைப்பேசி எண்ணைப் பெயிண்ட்டில் எழுதிவிடுவேன். வண்டிக்கு எண் எழுதுகிற பையன்தான் எழுதித் தருகிறான். முதல் தடவை சிரித்தான், இப்போது சிரிப்பதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை அந்த அறிவிப்பைப் போடும்போது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கும் கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்கும் பக்கத்தில் இப்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘குதிரை வளர்ப்போர் தகரக் கொட்டகையில் குதிரையைக் கட்டிவைக்க வேண்டாம், டெட்டனஸ் தடுப்பூசியைப் புரட்டாசிக்குள் போட்டுவிடவும்.’ கால்நடைத் துறை மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம் போடுகிற அன்றைக்கே, அதே பந்தலில், குதிரைக்கும் இந்த ஊசியைப் போட ஏற்பாடு செய்தால் தனியாகச் செலவு என்று ஒன்றும் ஆகாது. பந்தயக் கமிட்டிகளும் ஊசிச் சீட்டு காட்டினால்தான் வண்டி இறங்கலாம் என்று சொல்லலாம். பரிசுக்குப் பித்தளை அண்டா வாங்குகிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

சிங்காரத்துக்கு வயது பதினொன்று தாண்டிவிட்டது, பந்தயத்துக்கு விடுவதில்லை. அதற்குத் துணையாக இந்த ஆடியில் அந்தியூரிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவது ஊசிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
குதிரை வண்டிக்காரர் ஒருவர்,
பட்டுக்கோட்டை வட்டம்.